ஆற்றுக்குக் காய்ச்சல் பார்ப்பவர்

ஊரில் அவரைக் காய்ச்சல்காரர் என்பார்கள். அவருக்குக் காய்ச்சல் வந்து யாரும் பார்த்ததில்லை. ஆற்றுக்கு வந்திருக்கிறதா என்று பார்ப்பது அவர் உத்தியோகம். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் வெப்பமானி இருக்கும். தோளில் தொங்கும் பெட்டியில், தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் கரைந்திருக்கிறது என்று காட்டும் கருவி. வண்டியின் பின்னால் கட்டிய ஒரு சிவப்புப் பலகை. மழை இல்லாத மாதங்களில் இந்த மூன்றோடும் கரையோரமாக அவர் போவதைப் பார்த்தால், டாக்டர் வீடு வீடாகப் போவது மாதிரித்தான் இருக்கும்.

"என்ன சார், இன்னிக்கி எப்படி இருக்கு உங்க பேஷண்டுக்கு?" என்று டீக்கடையிலிருந்து யாராவது கேட்பார்கள்.

"நேத்தைக்கு இன்னிக்கி அரை டிகிரி கூட," என்பார் அவர், வண்டியை நிறுத்திவிட்டு. கேலி என்று அவருக்குப் பட்டதேயில்லை. கேட்டவர்தான் மேற்கொண்டு என்ன பேசுவது என்று தெரியாமல் டீயைக் குடிப்பார்.

ஆற்றின் குறுக்கே ஒரு தடுப்பணை. அதன் ஓரத்தில் மீன்கள் ஏறிப்போவதற்காகக் கட்டிய சிறிய படிகள். கீழே ஆழமான ஒரு மடு. வருடாவருடம் கடலிலிருந்து ஏத்துமீன்கள் இந்த ஆற்றில் ஏறி வரும். மேலே, மலையடிவாரத்துக் கூழாங்கற்களில் போய் முட்டையிட வேண்டும் அவற்றுக்கு. ஆனால் மழைக்கு முன்னாலேயே வந்துவிடும். அழைப்பில் போட்ட நேரத்துக்கு ரொம்ப முன்னாலேயே மண்டபத்துக்கு வந்துவிட்ட சொந்தக்காரர்கள் மாதிரி, படிகளில் தண்ணீர் இறங்கும்வரை மடுவில் காத்துக்கிடக்கும். அதற்குள் வெயில் ஏறும். தண்ணீர் குறையும், சுடும். சுட்ட தண்ணீரில் ஆக்சிஜன் தங்காது.

விடியும்போது ஆக்சிஜன் பார்ப்பார், அப்போதுதான் அது மிகக் குறைவாக இருக்கும். பிற்பகலில் வெப்பம் பார்ப்பார். அளவு தாண்டினால் சிவப்புப் பலகை கரைக்கு வரும். வலை வீசக்கூடாது, குளிக்கக்கூடாது, மேலே தோட்டக்காரர்கள் பகலில் மோட்டார் போடக்கூடாது.

உத்தியோகம் வீட்டு வாசலோடு நிற்கவில்லை. மகள் பிறந்தபோது குளிப்பாட்டும் தண்ணீரில் முதலில் இறங்கியது வெப்பமானிதான். "என் கையை நம்பாத மனுஷன்," என்று மனைவி இன்றைக்கும் சொல்வாள். மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். வாளியில் வெப்பமானி விடுவது நிற்கவில்லை. இப்போது அவர் குளிக்கும் தண்ணீருக்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் சிரிப்பது அபூர்வம். சிரித்தால் யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம். ஒருமுறை குடைக்குள் தூண்டிலை மறைத்து உட்கார்ந்திருந்தவர் முன்னால் நின்று சிரித்தார். அபராதம். ஆற்றுக்குள் இறக்கி லாரி கழுவியவரைப் பார்த்துச் சிரித்தார். அபராதம். அதிலிருந்து அவர் பல்லைப் பார்த்தாலே ஊரில் ஆளுக்கு ஒரு பக்கம் நழுவுவார்கள்.

மடுவின் கரையிலேயே, அதன் மேல் சாய்ந்துகொண்டு நிற்பது போல, ஒரு ஐஸ் ஃபேக்டரி. அதன் முதலாளி காய்ச்சல்காரர் மனைவியின் அண்ணன். அவருக்கு மச்சான். மூன்று வருடங்களாக இரண்டு பேரும் பேசுவதில்லை.

ஐஸ் செய்யும் விதம் இதுதான். உப்புக் கரைசல் நிரம்பிய பெரிய தொட்டிக்குள் தண்ணீர் நிறைத்த தகர டப்பாக்களை இறக்குவார்கள். உறைந்ததும் டப்பாவைத் தூக்கி, பக்கத்தில் இருக்கும் நல்ல தண்ணீர்த் தொட்டியில் ஒரு முக்கு முக்கினால் ஐஸ் கட்டி வழுக்கிக்கொண்டு வெளியே வரும். மூன்று வருடங்களுக்கு முன் உப்புத் தொட்டியில் விரிசல் விட்டது. கரைசல் முழுவதும் கழிவு பைப் வழியாக மடுவுக்குள் இறங்கியது. மீன்கள் செத்தன. காய்ச்சல்காரர் அன்று சிரிக்கவில்லை. நோட்டீஸ் வாங்கிவந்து பைப்பை மூடவைத்தார். மூடும் ஆள் வரத் தாமதமானதால் தானே சிமெண்ட் குழைத்துப் பூசினார். அதுதான் மச்சானுக்குப் பொறுக்கவில்லை.

"நோட்டீஸ் குடுத்தது சரி. கரண்டியை எடுத்துப் பூசினான் பாரு, வழிச்சு வழிச்சு. தன் வீட்டுச் சுவத்துக்குக்கூட அவன் அப்படிப் பூசினதில்ல," என்று தங்கையிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பேச்சுத்தான் நின்றதே தவிர வருகை நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை வீட்டுக்கு வந்துவிடுவார். முன்னறையில் தங்கை தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பாள். அவள் அக்கம்பக்கத்துக்குத் துணி தைத்துக் கொடுப்பவள். மெஷினுக்கு இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் கணவர்.

"உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, ஃபேன் காத்து இந்தப் பக்கமும் கொஞ்சம் வரட்டும்னு."

"உங்க அண்ணன்கிட்ட சொல்லு, ஐஸ் ஃபேக்டரி வச்சிருக்கறவருக்கு ஃபேன் எதுக்குன்னு."

"ரெண்டு பேருமா சேர்ந்து என்னை தபால் ஆபீஸ்ல உட்கார வச்சிட்டீங்க," என்பாள் அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஸ்டாம்பு ஒட்டாத தபால் இனிமே போகாது."

போய்க்கொண்டுதான் இருந்தது.

இந்த வருடம் கோடை சீக்கிரமே பிடித்துக்கொண்டது. அளவுக் கம்பத்தில் தண்ணீர் ஒவ்வொரு கோடாக இறங்கியது. சிவப்புப் பலகை வழக்கத்தைவிட முன்னாலேயே கரைக்கு வந்தது. மோட்டார்கள் நின்றன. அணையின் மேல்பக்கத்தில் தண்ணீர் மதகுக்குக் கீழே போய்விட்டதால் அங்கிருந்து திறந்துவிடவும் ஒன்றுமில்லை.

காய்ச்சல்காரர் ஒரு யோசனை செய்தார். தோட்டங்களில் செடிக்குக் கட்டும் பச்சை வலைத்துணியைச் சுருள் சுருளாக வாங்கிவந்தார். மனைவி அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்தாள். மடுவின் ஒரு பக்கம் கம்பு நட்டு, பந்தல் மாதிரி அதை இழுத்துக் கட்டினார். கீழே நல்ல நிழல். மீன்கள் வந்து நிழலில் நிற்பதைப் பார்ப்பதற்காகக் கரையில் குந்தினார்.

நிழலுக்கு இரண்டு நாய்கள் வந்தன.

மீன்கள் எதிர்ப்பக்கம், ஐஸ் ஃபேக்டரியின் சுவரை ஒட்டி, கொளுத்துகிற வெயிலில் முண்டியடித்துக்கொண்டு நின்றன. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். அவருக்கு அது தனிப்பட்ட அவமானமாகப் போய்விட்டது.

"அவ்வளவு நெழல் போட்டுக் குடுத்திருக்கேன். வெயில்ல போய் நிக்குதுங்க. அறிவு வேண்டாம்?" என்றார் மனைவியிடம்.

"என் தையல் புடிக்கலையோ என்னவோ," என்றாள் அவள். மெஷின் கொஞ்சம் வேகமாக ஓடியது.

ஒரு பிற்பகல் அவர் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு மடுவில் இறங்கி, சுவரை ஒட்டி நடந்தார். நாலு எட்டு வைத்ததும் காலில் சில்லென்று பட்டது. குனிந்து வெப்பமானியை விட்டார். எடுத்துப் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி விட்டார். மடுவின் மற்ற இடங்களைவிட அங்கே பல டிகிரி குறைவு. நாணலை விலக்கினார். அவர் பூசிய சிமெண்ட் அப்படியே இருந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளி, புதிதாக ஒரு பைப். அதிலிருந்து சத்தமே இல்லாமல் குளிர்ந்த தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஒரு கை ஏந்தி நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பில்லை. டப்பாக்களை முக்கி எடுக்கும் நல்ல தண்ணீர்த் தொட்டியிலிருந்து வழிகிற தண்ணீர் அது.

சட்டப்படி அதுவும் குற்றம்தான். அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் கெண்டைக்காலில் மீன்கள் உரசிக்கொண்டிருந்தன. கை நீளத்துக்கு, வெள்ளிப் பாத்திரம் மாதிரி மின்னிக்கொண்டு, பயமே இல்லாமல். வாரக்கணக்கில் ஆறு சுட்டுக்கொண்டே போவதை மட்டும் அளந்துவந்த மனிதர் அவர். கையில் வெப்பமானியோடு அங்கேயே நின்று, வாய் நிறையச் சிரித்தார்.

மேலே ஃபேக்டரி மாடி ஜன்னலில் மச்சான் நின்றுகொண்டிருந்தார். கீழே தன் பைப்புக்கு முன்னால், வெப்பமானியோடு, மாப்பிள்ளை சிரிப்பதைப் பார்த்தார். அவருக்கு வேர்த்துவிட்டது. ஐஸ் ஃபேக்டரிக்குள் நின்று வேர்த்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

அன்று மாலையே வால்வை இறுக மூடிவிட்டார்.

மறுநாள் விடியலில் காய்ச்சல்காரர் வந்தபோது சுவரோரத் தண்ணீரும் மற்ற இடம் போலவே வெதுவெதுப்பாக இருந்தது. ஆக்சிஜன் கருவி காட்டிய அவ்வளவு குறைந்த அளவை அவர் இதுவரை அந்த மடுவில் பார்த்ததில்லை. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன, சொல்ல வந்ததை மறந்துவிட்டவர்கள் மாதிரி. சில மல்லாந்து மிதந்தன. மழைக்கு இன்னும் ஒரு வாரமாவது ஆகும் என்று வானிலைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். பலகை போட்டாயிற்று, மோட்டார் நிறுத்தியாயிற்று, பந்தல் கட்டியாயிற்று. அவர் கையில் வேறொன்றும் பாக்கியில்லை. செத்த மீன்களை எடுத்துக் கரையில் குழி தோண்டிப் புதைத்தார். பைப்பைப் பார்த்தார். அதன் வாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்து, அதோடு நின்றது.

வீட்டுக்கு வந்து மெஷினுக்கு முன்னால் நின்றார்.

"உங்க அண்ணன் ஒரு பைப் போட்டிருக்காரு."

"ஆமா."

"உனக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியாம எங்க அண்ணன் என்ன பண்ணியிருக்கு? நீங்க பழையத அடைச்சதுல தண்ணி போக வழியில்லாம உள்ள தரையெல்லாம் வழுக்கி, வேலை செய்யறவங்க விழுந்து எழுந்துக்கிட்டிருந்தாங்க. இந்தக் கோடையிலதான் போட்டுச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா சிமெண்ட் மூட்டையத் தூக்கிக்கிட்டுப் போவீங்க."

அவர் நூல்கண்டைக் கையில் எடுத்து உருட்டினார்.

"அதை மூடிட்டாரு. அங்க நின்ன மீனெல்லாம் திணறுது. அவர்கிட்ட சொல்லு, திறந்துவிடச் சொல்லி."

அவள் மெஷினை நிறுத்தினாள். "ஃபேன் காத்து, நாற்காலி, பேப்பர், எல்லாத்தையும் நான் கொண்டுபோய்ச் சேர்த்தாச்சு. இந்த ஒண்ணை நீங்களே போய்ச் சொல்லுங்க."

போவதற்கு முன் அவர் மேலதிகாரிக்குப் போன் செய்தார். அனுமதி இல்லாமல் ஒரு சொட்டையும் ஆற்றுக்குள் விடவைக்க அவர் மனம் ஒப்பவில்லை. அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டாள்.

"ஐஸ் ஃபேக்டரி பைப்பா? நீங்க அடைச்சதுதானே?"

"அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு மேடம்."

"அதையும் அடைக்கணுமா?"

"திறக்கணும் மேடம்."

போனில் சத்தமே இல்லை. அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்குத் தோன்றியது.

"மழை வர்ற வரைக்கும் அனுமதி தர்றேன். தினமும் உப்பு பாருங்க. மழை வந்ததும் மூடிடணும்," என்றாள். பிறகு, "முதலாளி உங்களுக்கு உறவு இல்ல? ஈஸியாப் போச்சு," என்று வைத்தாள்.

ஐஸ் ஃபேக்டரி ஆபீஸ் அறை ஈரமாகவே இருக்கும். மேஜைமேல் இருக்கிற காகிதங்களெல்லாம் ஓரம் சுருண்டிருக்கும். மச்சான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இரவு முழுக்க யோசித்துத் தயார் செய்த முகம்.

"வாங்க சார்," என்றார் சுவரைப் பார்த்து.

"மச்சான்," என்றார் காய்ச்சல்காரர். ரொம்ப நாள் திறக்காத கதவு மாதிரி அந்த வார்த்தை கிறீச்சிட்டுக்கொண்டு வந்தது.

"மச்சான்னா அபராதம் கொறையுமா? நேத்தே மூடிட்டேன். கையெழுத்து எங்க போடணும், அதைச் சொல்லு."

"ஏன் மூடினீங்க?"

"ஏன் மூடினேனா? நீ சிரிச்சியே!"

"நான் சந்தோஷத்துல சிரிச்சேன் மச்சான்."

"நீயா?" மச்சான் அப்போதுதான் அவரைத் திரும்பிப் பார்த்தார். "சந்தோஷத்துல சிரிக்கறதா இருந்தா சொல்லிட்டுச் சிரிக்கணும். ஊர்ல எவனுக்குத் தெரியும் உனக்கு ரெண்டு விதமாச் சிரிக்க வரும்னு?"

காய்ச்சல்காரர் நின்றபடியே, "அதைத் திறக்கணும்," என்றார்.

"எதை?"

"பைப்பை."

"என்னது? கம்ப்ரஸர் சத்தத்துல காது கேக்கல."

கம்ப்ரஸர் அப்போது ஓடவேயில்லை. உள்ளே எங்கோ ஐஸ் சொட்டுகிற சத்தம்கூடக் கேட்டது.

"பைப்பைத் திறந்துவிடுங்க மச்சான். மீன் சாகுது."

கேலிக்காக மச்சான் வைத்திருந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. எழுந்து ஜன்னலுக்குப் போய்க் கீழே பார்த்தார். தினமும் மத்தியானம் அவர் சாப்பிடுவது அந்த ஜன்னலோரம்தான். காலையிலிருந்து பயத்தில் அந்தப் பக்கம் போகவில்லை.

"சாகுதா? எது, அந்தப் பெரிசு? வால் கிழிஞ்சது ஒண்ணு இருக்கும், எப்பவும் பைப் வாய்கிட்டயே நிக்கும்..."

"தெரியல. நாலஞ்சு போயிடுச்சு."

"அதுங்க வந்து நிக்க ஆரம்பிச்சதும் வால்வை இன்னும் கொஞ்சம் தொறந்துவிட்டேன்டா நான்."

"எவ்வளவு?"

"கொஞ்சம்னா கொஞ்சம். உன்னை மாதிரி அளந்துக்கிட்டா இருப்பேன்?" அவர் வால்வை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனார்.

"இருங்க மச்சான். மொதல்ல உப்பு பாக்கணும்."

மச்சான் நின்றார். திரும்பினார். "கேக்க வந்தவன் நீ. குடுக்கறவன் நான். இதுல எனக்கே பரீட்சையா?"

"டப்பா வெளிப்பக்கம் உப்புத்தண்ணி ஒட்டிக்கிட்டு வரும். அளவுக்கு மேல இருந்தா வேண்டாம்."

"வேண்டாமா!" என்று மச்சான் கூரையைப் பார்த்துக் கேட்டார். ஆனாலும் தொட்டித் தண்ணீரை அவரே ஒரு குவளையில் மொண்டு வந்து நீட்டினார். சோதனை முடியும்வரை, பாஸா பெயிலா என்று தெரியாத பையன் மாதிரிப் பக்கத்திலேயே நின்றார்.

"பரவாயில்ல," என்றார் காய்ச்சல்காரர். "ஆனா இன்னொண்ணு."

"இன்னொண்ணா?"

"பைப் தண்ணிக்குள்ளயே போய் முடியுது. குளிர்ச்சி வருது, காத்து கலக்கல. வாயை ஒசத்திக் கட்டி, கல்லு மேல விழற மாதிரி விடணும். விழுந்து தெறிச்சா ஆக்சிஜன் சேரும்."

"நாளைக்கு சோப்பும் துண்டும் கேப்பான்," என்றார் மச்சான் யாரிடமோ. சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினார்.

இருவரும் மடுவில் இறங்கினார்கள். மச்சான் பைப்பைத் தூக்கிப் பிடிக்க, காய்ச்சல்காரர் கம்பு நட்டுக் கட்டினார். கட்டுக்குக் கயிறு போதாமல் பச்சைப் பந்தலின் ஒரு மூலையை அவிழ்க்க வேண்டியிருந்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை. நாய்களுக்கும் பிடிக்கவில்லை. பிறகு கற்களை அடுக்கினார்கள். வால்வு திறந்தது. தண்ணீர் கல்லில் விழுந்து சிதறியது.

மீன்கள் வரவில்லை.

கரையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் குந்தியிருந்தார்கள். பேசுவதற்கு மூன்று வருட விஷயம் இருந்தது. இருவரும் கல்லில் விழுகிற தண்ணீரையே பார்த்தார்கள். வெயில் ஏறியது. காய்ச்சல்காரர் எழுந்துபோய் வெப்பமானி விட்டுப் பார்த்துவிட்டு வந்தார். இறங்கிக்கொண்டிருக்கிறது என்றார். கொஞ்சம் கழித்து மறுபடி எழுந்தார்.

"உக்காருடா. நீ நொடிக்கு நொடி கால்ல கலக்கினா எது வரும்?"

உட்கார்ந்தார். மேல்மட்டத்தில் வாயைத் திறந்துகொண்டிருந்த மீன்களில் ஒன்று மெல்ல உள்ளே அமிழ்ந்தது. அப்புறம் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு முதுகு தெரிந்தது. வாலில் கிழிசல்.

"அதுதான்," என்றார் மச்சான், காய்ச்சல்காரரின் தொடையில் ஓங்கி ஒரு அறை வைத்து. மத்தியானத்துக்குள் சுவரோரம் பழைய நெரிசல் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் ஊருக்கு இரண்டு காய்ச்சல்காரர்கள். மச்சான் சொந்தமாக ஒரு வெப்பமானி வாங்கிவிட்டார். காய்ச்சல்காரர் வாயில் பல் துலக்கும் பிரஷ் இருக்கும்போதே போன் வரும். "மாப்ள, நேத்தைக்கு இன்னிக்கி கால் டிகிரி கூடக் காட்டுது. என்ன பண்ணலாம்?" தண்ணீரில் கால் நனைக்க வந்த ஒருவரை மாடி ஜன்னலிலிருந்தே பிடித்துக்கொண்டார். "பலகை போட்டிருக்கே, கண்ணு தெரியலையா? அதுக்கென்ன படம் போட்டா காட்டணும்?" ஐஸ் வாங்க வந்தவர்களுக்கு உப்பு அளவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அவர்கள் வாசலில் கட்டி உருக உருக நின்று கேட்டார்கள்.

"ஒருத்தரையே தாங்க முடியல," என்றாள் தங்கை.

மேலே மலையில் மழை பெய்தது. ஊரில் ஒரு தூறல்கூட இல்லை. ஆனால் விடியலில் படிகளில் செம்மண் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. காய்ச்சல்காரர் மடுவில் வெப்பமானியை விட்டார், எடுத்தார், பையில் வைத்தார். சுவரோரம் போய்ப் பார்த்தார். கல்லில் தண்ணீர் விழுந்து தெறித்துக்கொண்டிருந்தது. யாரும் இல்லை. படிகளில் மட்டும், கலங்கிய தண்ணீருக்குள், வெள்ளியாக ஏதோ எகிறி விழுந்தது. இன்னொன்று. பிறகு தண்ணீர் மட்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் வழக்கமான நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"எல்லாம் போயிடுச்சா?"

"போயிடுச்சு மச்சான்."

"வால் கிழிஞ்சதும்?"

"அதுவும்தான்."

"அத்தனை நாள் ஐஸ் தண்ணி ஊத்தினேன். ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகல பாரேன்."

காய்ச்சல்காரர் தொண்டையைச் செருமினார். "மழை வந்தாச்சு. பைப்பை மூடணும்."

மச்சான் நிமிர்ந்தார். "மூடலன்னா?"

"நோட்டீஸ் எழுதுவேன்."

மச்சான் முகம் மெல்ல மெல்லப் பழைய மூன்று வருடத்துக்குத் திரும்பியது. நாற்காலியைத் தங்கையின் பக்கம் திருப்பிப் போட்டார்.

"உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு..."

தங்கை மெஷினை நிறுத்தினாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "தபால் ஆபீஸ் மூடியாச்சுண்ணே."

அண்ணன் அவளைப் பார்த்தார். மேலே ஃபேனைப் பார்த்தார். வேறு வழி தெரியாமல் நாற்காலியை மறுபடி திருப்பினார்.

"மூடித் தொலைக்கறேன். ஆனா ஒண்ணு. அடுத்த கோடைக்கு அது வேணும். சிமெண்ட் கிமெண்ட்னு கரண்டியத் தூக்கிட்டு வந்த, நடக்கறதே வேற. ஒரு மூடி வாங்கித் திருகிக்கலாம்."

காய்ச்சல்காரர் யோசித்தார். மேலதிகாரி மூடச் சொன்னாளே தவிர, எதைக்கொண்டு மூட வேண்டும் என்று சொல்லவில்லை. அது அவருக்கு மிகவும் திருப்தியாக இருந்தது. அவர் முகத்தில் ஏதோ நெகிழ்ந்து, பல் தெரிந்தது.

மச்சான் நாற்காலியோடு ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"மாப்ள, இது எந்தச் சிரிப்பு? மொதல்ல சொல்லிட்டுச் சிரி."